ஆடம்பரம் யாருக்கு?

காஞ்சிப் பட்டை வழவழப்பான தாளில் காட்டும் ஆடம்பரப் பத்திரிகை, உத்திரமேரூர்ப் பக்கத்து நெசவாளியை எண்ணி அச்சாவதில்லை. பணம் படைத்தவர் புரட்டினால் போதும், விளம்பரம் வந்துவிடும்.

எஸ். எஸ். வாசனும் விளம்பரத் தொழிலிலிருந்து வந்தவர்தாம். ஆனால், 1928-ல் ‘ஆனந்த விகட’னை வாங்கியதும் அவர் நாடியது சாமானிய வாசகரை. சிரிப்பும் கதையும் குறுக்கெழுத்துப் போட்டியும் தந்து பத்திரிகையை ஊர் ஊராகப் பரப்பினார். பின்னர் ஜெமினி ஸ்டூடியோ அதிபராகி, 1948-ல் வெளியிட்ட ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்துக்குப் பணத்தை வாரி இறைத்தார். அந்தப் பகட்டைத் தரை டிக்கெட்டுக்காரரும் கண்டு களித்தார்.

ஆடம்பரத்தை விற்பது குற்றமன்று. அதை ஏழைக்கும் எட்டும் விலையில் விற்றாரே வாசன், அதுவன்றோ இன்றைய பத்திரிகை அதிபர்களுக்குப் பாடம்! பட்டை நெய்தவரும் வாங்கிப் படிக்கும் பத்திரிகையே நாட்டுக்குத் தேவை.