அட்வான்ஸை நம்பி நாள் குறிக்காதீர்கள்

தாம்பரம் பக்கம் வாடகைக்கு இருந்துகொண்டே, சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ முதல் வீடாகப் பழைய ஃப்ளாட் வாங்கப் போகிறீர்களா? வாடகை ஒப்பந்தம் முடியும் மாதத்திலேயே பத்திரப்பதிவை வைத்தால் மிச்சம் என்று தோன்றும். கணக்கு அங்கேதான் இடிக்கும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சத்துக்கு நாலரை லட்சம். இதற்குப் பொதுவாக வங்கிக் கடன் கிடைக்காது. அட்வான்ஸ் பணமோ, சாவியை ஒப்படைத்த பிறகுதான் கைக்கு வரும். பெயின்டிங் செலவும் அதில் கழியும். நடுவில் ஆடி வந்தால், பால் காய்ச்ச ஆவணி வரை காத்திருப்பீர்கள். அதனால் பதிவுச் செலவைத் தனியே சேருங்கள். வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி, 3 மாத நீட்டிப்பை எழுதி வாங்குங்கள். கூடுதல் வாடகை போனாலும் நிம்மதி மிஞ்சும்.