எச்சம் அறியாதவனா தமிழன்?

தமிழ்வழியில் பயின்ற மாணவனுக்கு ஆங்கிலத்தின் ‘பார்ட்டிசிபிள்’ தொடர் வாராது என்றொரு கூற்று நம் பள்ளிகளில் நெடுநாளாக உலவுகின்றது. ஆங்கில ஆசிரியர் சொல்கின்றார். கேட்ட பெற்றோர் அஞ்சுகின்றனர். அஞ்சியவர் மூன்றகவைக் குழந்தையை ஆங்கிலவழிப் பள்ளியின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்துகின்றனர். இதனைப் போலத் தலைகீழான பொய் பிறிதொன்று உண்டா? விடியலில் எழுந்து, பல்துலக்கி, குளித்து, உண்டு, பையைத் தூக்கிப் பள்ளிக்கு வந்த சிறுவன், தன் வரவை உரைக்கும் ஒரே மூச்சில் ஐந்து எச்சங்களைச் சொல்லிவிடுகின்றான். ஐந்தையும் அவ்வாறே ஒரு வரியில் அடுக்கச் சொன்னால் ஆங்கிலம் மூச்சுத் திணறி, ‘அண்டு’ என்னும் இணைப்புச் சொல்லைத் தேடி ஓடும். அவனுக்கா எச்சம் தெரியாது?

முதலில் பெயரைப் பார்ப்போம். ‘பார்ட்டிசிபிள்’ என்பது இலத்தீன் வழி வந்த சொல். ‘பங்கு கொள்வது’ என்பது அதன் அடிப்பொருள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழிக்கு இலக்கணம் வகுத்த தயொனீசியசு திராக்குசு சொற்களை எட்டாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றாக இதனை வைத்தார். பெயரின் இயல்பிலும் வினையின் இயல்பிலும் பங்கு கொள்வதால் அப்பெயர். அதாவது, அது எவற்றைப் போன்றது என்று அவர்கள் பார்த்தனர். நம் முன்னோரோ அதற்கு யாது வேண்டும் என்று பார்த்தனர். முடிவு பெறாது எஞ்சி நின்று, தன்னை முடித்துவைக்கும் சொல்லை அவாவுவதால் அஃது எச்சம். வினையை அவாவினால் வினையெச்சம். பெயரை அவாவினால் பெயரெச்சம். பெயரைக் கேட்ட அளவிலேயே தொடர் எங்ஙனம் முடிய வேண்டும் என்பதும் விளங்கிவிடுகின்றது அன்றோ!

ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு சொல்லின் உருவில் இல்லை. பழைய ஆங்கிலத்தில் தொழிற்பெயருக்கு ‘-உங்’, ‘-இங்’ என்னும் ஈறுகளும், எச்சத்திற்கு ‘-எண்டெ’ என்னும் ஈறும் தனித்தனியே இருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் அவை ஒன்றாகி ‘-இங்’ மட்டும் நின்றது. அதனால் ‘நடத்தல் நன்று’ என்பதிலுள்ள நடத்தலும், ‘நடந்து வந்தான்’ என்பதிலுள்ள நடந்தும், ‘நடக்கும் குழந்தை’ என்பதிலுள்ள நடக்கும் என்பதும் அவர்க்கு ‘வாக்கிங்’ என்னும் ஒரே சொல். மூன்றையும் மூன்று உருவில் வைத்துப் பேசும் பிள்ளையிடம், மூன்றும் ஒன்றாய்க் கலந்த மொழியைக் காட்டி, ‘உனக்கு இது விளங்காது’ என்கின்றனர்!

இனி, தேர்வுத்தாள்களில் மாணவர் மிகுதியும் இடறி விழும் இடத்திற்கு வருவோம். ஆங்கில எச்சத்தொடர்க்குத் தனி எழுவாய் கூறப்படாதபொழுது, தலைமைத் தொடரின் எழுவாயே அதற்கும் எழுவாயாதல் வேண்டும். இந்நெறி வழுவினால் எச்சம் பற்றுக்கோடின்றித் தொங்கும். மாணவன் ஒருவன் அவ்வாறு தொங்கும் தொடரொன்றை ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண்ணைக் குறைத்த ஆசிரியர் கரணியம் கூறவில்லை. அதனையே தமிழிற் சொல்லுமாறு யான் கேட்டேன். ‘பாலத்தின்மேல் நின்று, தொடர்வண்டி விரைந்து சென்றது’ என்றான். முடிக்குமுன் தானே சிரித்துவிட்டான். நின்றவன் தான், சென்றது வண்டி. நின்றதும் வண்டியே என்று தொடர் சொல்லிற்று. ஆங்கில வகுப்பில் ஓராண்டு புரியாதது தமிழ்ச்செவிக்கு ஒரு நொடியிற் புரிந்தது.

அச்செவிக்கு நெறி வகுத்தவர் தொல்காப்பியர். செய்து, செய்யூ, செய்பு எனத் தொடங்கி ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளை வினையியலில் அடுக்கிய அவர், அவற்றுள் முதல் மூன்றும் தம் வினைமுதலையே கொண்டு முடியும் என்றார். ஏனையவை தம் வினைமுதலைக் கொண்டும் பிறிதொன்றன் வினையைக் கொண்டும் முடியும் என்றார். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் பன்னிரண்டு வாய்பாடு கூறி, முதல் நான்கும் இறுதி மூன்றும் வினைமுதல் கொள்ளும் என்று மேலும் வரையறுத்தார். ஆங்கிலத்திற்கென எழுந்த முதல் இலக்கண நூலை வில்லியம் புல்லோக்கர் வெளியிட்டது 1586இல். அதுவும் இலத்தீன் இலக்கணத்தைப் பார்த்து அமைத்தது. ஆங்கிலத்திற்கு இலக்கணமே எழாத காலத்தில் இங்கே எச்சத்தின் வினைமுதல் பற்றி நூற்பாவும் உரையும் இருந்தன.

இன்னும் நுட்பம் கேளுங்கள். ‘மழை பெய்யப் பயிர் தழைத்தது’ என்கின்றோம். பெய்தது மழை, தழைத்தது பயிர். வினைமுதல் இரண்டாதலின் ‘செய்து’ நில்லாது, ‘செய’ வந்து நின்றது. ஆங்கிலமும் இவ்விடத்துத் தன் எச்சத்தொடர்க்குத் தனி எழுவாயைக் கொடுத்துத் தலைமைத் தொடரினின்று பிரித்து நிறுத்துகின்றது. தனித்தொடர் என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. ஆங்கில வகுப்பில் மிகக் கடினமான பாடம் அதுவே என்பர். நம் ‘செய’ என்னும் வாய்பாட்டைக் கற்றவனுக்கு அதிற் கடினம் எங்கே? ‘கை நடுங்கி எழுதுவதை நிறுத்தினான்’ என்பதைப் பாருங்கள். நடுங்கியது கை, நிறுத்தியவன் அவன். சினையின் வினை முதலொடு முடிந்தாலும் இழுக்கில்லை என்று தொல்காப்பியர் அதற்கும் வழி வைத்துள்ளார். ஆங்கிலத்திலோ கைக்குத் தனி எழுவாய் கொடுத்தே ஆகல் வேண்டும்.

‘பொழுது சாய்ந்து வீடு திரும்பினான் என்று தமிழரும் சொல்கின்றனரே, சாய்ந்தது பொழுது, திரும்பியது அவனாயிற்றே’ என்று ஒருவர் மறுக்கக்கூடும். அதுவும் நம் நூலார் காணாததன்று. ‘சாய’ என்னும் பொருளில் ‘சாய்ந்து’ என உருவு திரிந்தது என்று விளக்கம் தந்துள்ளனர். விலக்கு எம்மொழியிலும் உண்டு. செகப்பிரியரின் ‘ஏம்லெட்டு’ நாடகத்தில் இறந்த அரசனின் ஆவி தன் சாவைப் பற்றி ஊரார் நம்பியதைக் கூறுமிடத்தில், தூங்கியவன் அரசனாக இருக்க, இலக்கணப்படி தூங்கியது பாம்பாகின்றது. அவர் எழுதினால் அது பாநலம். நம் பிள்ளை எழுதினால் சிவப்பு மை!

பெயரெச்சத்திற்கு வருவோம். நம் வீழ்ச்சி தொடங்கியது இங்கேதான். ‘எழுதிய’ என்னும் ஒரு சொல்லை எடுங்கள். எழுதிய புலவர், எழுதிய தூவல், எழுதிய அறை, எழுதிய எழுத்து, எழுதிய நாள், எழுதிய மடல். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என நன்னூலார் கூறிய ஆறும் ஒரே எச்சத்தில் அடங்கின. ஆங்கிலத்தில் ‘ரைட்டிங்’ என்பது எழுதுபவனைத் தழுவும். ‘ரிட்டன்’ என்பது மடலைத் தழுவும். அறைக்கும் நாளுக்கும் தூவலுக்கும் எச்சத்தை விட்டுவிட்டு வேறொரு சார்புத்தொடரைக் கட்டவேண்டும். ‘ரைட்டிங் ரூம்’ உண்டே என்பரேல், அஃது எழுதுதற்கென அமைந்த அறை. ஒருவர் எழுதிய அறை அன்று. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இவ்வெச்சத்தை ‘ரிலேட்டிவ் பார்ட்டிசிபிள்’ என்று தனியே பிரித்துக் காட்டினார். ஆங்கில எச்சத்தின் பெயர் மட்டும் இதற்குப் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆங்கிலத்திற்கும் உரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். பெயரை முன்னிறுத்தி எச்சத்தைப் பின்னே தொடுக்கும் வசதி அம்மொழிக்கு உண்டு. யாரைப் பற்றிய பேச்சு என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். தமிழில் பெயரெச்சத்தை நான்கு வரிக்கு நீட்டினால் படிப்பவர் பெயரைத் தேடிக் களைத்துப் போவார். அத்தகைய இடத்தில் தொடரை இரண்டாக முறித்து எழுதுவதே அறிவுடைமை.

ஆனால் நம் அலுவலகங்களும் நாளிதழ்களும் செய்வது யாது? ஆங்கிலச் செயப்பாட்டு எச்சத்தைக் கண்டவுடன் ‘படு’ என்பதைக் கொண்டுவந்து ஒட்டுகின்றனர். ‘குழுவால் பரிந்துரைக்கப்பட்ட, அமைச்சரால் ஏற்றுக்கொள்ளப்பட்ட திட்டம் அலுவலரால் செயற்படுத்தப்பட்டு வருகின்றது.’ எத்தனைப் பட்ட மரங்கள்! ‘குழு பரிந்துரைக்க, அமைச்சர் ஏற்ற திட்டத்தை அலுவலர் செயற்படுத்தி வருகின்றார்’ என்றால் பொருளில் எது குறையும்? ‘படு’ தமிழுக்குப் புறம்பானதன்று, வேண்டுமிடத்து வரும். வேண்டாத இடத்தில் வருவதற்கு ஒரே கரணியம், எழுதுபவர் ஆங்கிலத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு எச்சத்தை மறந்துவிட்டதே. இப்பொழுது கணினியின் மொழிபெயர்ப்பும் இந்நடையையே நாள்தோறும் கொட்டுகின்றது. இதனைப் படித்து வளரும் பிள்ளை நாளை ‘அம்மாவால் சமைக்கப்பட்ட சோறு’ என்று வீட்டிலும் பேசத் தொடங்குவான்.

ஆங்கிலம் கற்கவேண்டா என்று யாம் கூறவில்லை. அதனைத் தமிழின் தோள்மேல் நின்று கற்கட்டும் என்கின்றோம். தமிழாசிரியர் வினையெச்சம் நடத்தும் கிழமையிலேயே ஆங்கில ஆசிரியரும் எச்சத்தொடரை எடுத்துக்கொள்ளட்டும். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு இழுத்து, இடப்புறம் ‘செய்து’ என்னும் வாய்பாட்டுத் தொடர் ஐந்தும், ‘செய’ என்னும் வாய்பாட்டுத் தொடர் ஐந்தும் மாணவரையே சொல்லச் செய்து எழுதுக. வலப்புறம் அவற்றுக்கு நேரான ஆங்கிலத் தொடர்களை எழுதி, ஒவ்வொன்றிலும் வினைமுதல் ஒன்றா இரண்டா என்று கேட்க. அடுத்த பாடவேளையில் ‘எழுதிய’ என்பதன் ஆறு பொருளையும் அவ்வாறே எழுதி, ஆங்கில எச்சம் எவ்விரண்டை ஏற்கின்றது, எந்நான்கிற்கு வேறு தொடரைக் கட்டுகின்றது என்பதைப் பிள்ளைகளே கண்டு சொல்லட்டும்.