அச்சுப்பொறி ஆளுக்கா, அறைக்கா?

நன்னூலும் கலித்தொகையும் பயிலும் எமக்கு அலுவலக அச்சுப்பொறியைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று நண்பர் சிலர் நகைப்பர். நகைப்பாராக! சென்ற கோடை விடுமுறையில் ஒரு கல்வி நிலையத்தின் அலுவலகத்தில் ஆறு வாரம் எழுத்தருக்குத் துணையாய் இருந்தோம். ஆங்கு எம் கண்முன் நிகழ்ந்த ஒன்று நெஞ்சை விட்டு அகலாமையின், இப்பொருளைப் பற்றிச் சில நாள் படித்தும், அறிந்தாரை வினவியும், எம் கருத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அவ்வலுவலகத்தில் கணினிகள் 22, அச்சுப்பொறிகள் 3. எழுத்தர் அறையில் ஒன்று. கணக்கர் அறையில் ஒன்று. மூன்றாவது, வருவோர் அமர்ந்து காத்திருக்கும் முன்கூடத்தில். ஒரு நாட்காலை மாணவர் ஒருவர் கட்டணச் சலுகை வேண்டி வந்தார். தந்தையார்க்கு உற்ற நோய் இன்னதென்றும், வீட்டு வருவாய் இவ்வளவென்றும் அவர் தாழ்ந்த குரலிற் கூற, எழுத்தர் அவற்றை ஒரு மனுவாகத் தட்டெழுதி, அவரைச் சிறிது நேரம் கூடத்தில் இருக்கச் சொல்லி, அச்சிடுமாறு கணினியைப் பணித்தார். தாள் வரவில்லை. மீண்டும் பணித்தார், மும்முறை பணித்தார். மூன்று படிகளும் முன்கூடத்துப் பொறியில் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து விழுந்தன. அங்கிருந்த ஒருவர், தமக்குரிய தாளென்று எண்ணியே எடுத்தார் போலும், அதனை உரக்கப் படிக்கத் தொடங்கினார். மனுவிற்குரியவர் அவர்க்கு எதிரேதான் அமர்ந்திருந்தார். அவர் எழுந்து வெளியே சென்றார். கையொப்பமிட மீண்டு வரவேயில்லை.

எழுத்தர்மேற் குற்றம் சாற்றுதல் எளிது, அது முறையன்று. முந்திய மாலை அவர் ஓர் அறிவிப்பை முன்கூடத்துப் பொறியில் அச்சிட்டிருந்தார். அவ்வளவே அவர் செய்தது. வேறு பொறியைக் குறியாதவிடத்துத் தாள் எப்பொறிக்குச் செல்லுமோ அதனை இயல்புப் பொறி என்று கொள்வோம். அதனைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பைத் தன்னிடமே விட்டுவிட்டால், கடைசியாக அச்சிட்ட பொறியையே விண்டோஸ் 10 இயல்புப் பொறியாக்கிக் கொள்ளும். விண்டோஸ் 11-உம் அவ்வாறே. முன்கூடத்துப் பொறி எழுத்தரின் கணினியில் இல்லாதிருந்தால் இது நிகழ்ந்திராது. அஃது ஏன் அங்கே இருந்தது? நடுவிலிருந்து ஆள்வோர் மூன்று பொறிகளையும் அலுவலகத்தார் அனைவருக்கும் பெயர் பெயராக வழங்கிவிட்டனர். யாருக்கும் குறை வையாத கொடை என்று அவர் எண்ணியிருக்கலாம்.

நடுவிலிருந்து வழங்கும் முறையையே யாம் பழிக்கின்றோம் என்று கருதற்க. அம்முறை இன்றேல் அலுவலகம் படும் பாடு பெரிது. ஒவ்வொரு பொறிக்கும் டிரைவர் என்றொரு மென்பொருள் வேண்டும். அதனைக் கணினிதோறும் தனித்தனியே நிறுவப் புகின், 22 கணினிக்கும் 3 பொறிக்கும் 66 முறை உழைத்தல் வேண்டும். பொறியொன்று பழுதாகி அதனிடத்து வேறு வகை வாங்கினால் மறுபடியும் 22 முறை. பிரிண்ட் சர்வர் என்னும் நடுவண் கணினி ஒன்றிருப்பின், பொறிகள் அதன்கண் ஒரே முறை நிறுவப்பட்டுப் பகிரப்படும். ஏனைய கணினிகள் அதனோடு இணைந்து டிரைவரையும் அதனிடமிருந்தே பெற்றுக்கொள்ளும். அனைவர் தாள்களும் அங்கேயே வரிசையில் நிற்கும். விண்டோஸ் 2000 காலந்தொட்டு ஆக்டிவ் டைரக்டரி என்னும் பெயர்ப்பதிவும், அதனைப் பற்றி நிற்கும் குரூப் பாலிசி என்னும் கட்டளைத் தொகுதியும் உள்ளன. விண்டோஸ் சர்வர் 2008 வந்தபின், இன்னார்க்கு இன்ன பொறி என்பதை நடுவிலிருந்தே எழுதிவைத்தல் மிக எளிதாயிற்று. ஊழியர் காலையில் கணினியுட் புகுந்தவுடன் பொறி அவர்முன் வந்து நிற்கும். அவர் ஒன்றும் செய்யவேண்டுவதில்லை.

இவ்வெளிமையிலேதான் இடர் ஒளிந்திருக்கின்றது. கட்டளை எழுதுவோர் கண்முன் இருப்பது பெயர்ப்பட்டியல், அறைகள் அல்ல. கணக்கர், எழுத்தர், நூலகர் என்று குழு குழுவாகப் பெயர்கள் நிற்க, அக்குழுவிற்கு இப்பொறி என்று எழுதி முடித்துவிடுகின்றார். ஆனால் தாள் ஒரு பெயரிடம் சென்று விழுவதில்லை; ஓர் அறையிற்சென்று விழுகின்றது. அவ்வறையில் யார் இருப்பர், கதவு திறந்திருக்குமா, பொறியண்டை நிற்பவர் ஊழியரா வெளியாரா என்பன பெயர்ப்பட்டியலில் எழுதப்பட்டிரா. ஆகலின், அச்சுப்பொறியை ஆளுக்கு அன்று, அறைக்கே வழங்குதல் வேண்டும் என்பது எம் துணிபு.

இதற்குரிய கருவிகள் புதியனவாகத் தேடவேண்டுவன அல்ல, முன்னமே உள்ளன. குரூப் பாலிசி வாயிலாகப் பொறியைக் கணினிக்கே உரியதாக்கலாம். அப்போது அக்கணினியில் யார் அமரினும் அவ்வறைப் பொறியே தோன்றும். அன்றி, ஆளுக்கு வழங்கும் கட்டளையிலேயே, ‘இவ்வெண் வரம்பிற்குட்பட்ட ஐபி முகவரியுடைய கணினியாயின் மட்டும்’ என்றொரு நிபந்தனை சேர்க்கலாம். முகவரிகள் அறைதோறும் வகுக்கப்பட்டிருப்பின் அந்நிபந்தனையே அறையைக் காட்டிவிடும். அவ்வாறு வகுக்கப்படாத அலுவலகங்களே பல என்பதையும் அறிவோம். அங்கெல்லாம் முதற்பணி, ஒருவர் தாளும் எழுதுகோலுமாக அறை அறையாக நடந்து, எக்கணினி எங்குள்ளது என்று எழுதிக்கொள்வதே. இப்பணியை இழிவென்று கருதுவோர் உளர்.

மற்றொன்றும் கேட்டறிந்தோம். அக்கட்டளைகளில் ‘ரீபிளேஸ்’ என்பது பொறியை நீக்கி மீளவும் நிறுவுவது; ‘அப்டேட்’ என்பது மாறியதை மட்டும் திருத்துவது. முன்னதை எழுதிவைத்துவிட்டு, காலையில் கணினி திறக்க நேரமாகின்றது, யாம் வைத்த அமைப்புகள் அழிகின்றன என்று ஊழியர் முறையிடும்போது வியப்பார் சிலர்.

பொறி தொலைவில் இருத்தலால் வரும் துன்பம் பழையதே. அமெரிக்க நாட்டு எம்.ஐ.டி. செயற்கை அறிவு ஆய்வகத்தில், பலர்க்கும் பொதுவான அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், காத்திருப்போர் கணினிக்கெல்லாம் அச்செய்தி செல்லுமாறு ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். பின்னர் ஸெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பொறி அங்கு வந்தபோது, அதன் மூலநிரல் கிட்டாமையால் அவ்வாறு திருத்த இயலவில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்திற்கு வித்திட்ட நிகழ்ச்சிகளுள் இதனையும் ஒன்றாக அவரே எடுத்துரைத்துள்ளார். எந்நிறுவனமும் வேண்டுமென்றே அவரைத் துன்புறுத்தவில்லை. மாடிப்படி ஏறிச்சென்று வெறுந்தட்டைக் காண்பவன் நிலையை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

‘அறை அறையாக நடக்க எமக்குப் பொழுதில்லை; அவரவர் தமக்கு வேண்டிய பொறியைத் தாமே சேர்த்துக்கொள்ளட்டும்’ என்று கூறுவாரும் உளர். கேட்பதற்கு இது தாராளமாகத் தோன்றும். 2021-ஆம் ஆண்டு நிகழ்ந்ததை அறிந்தவர் இதனை ஒப்பார். விண்டோஸில் அச்சுவேலைகளை வரிசைப்படுத்தி நடத்தும் ஸ்பூலர் என்னும் பகுதி, அக்கணினியின் மிக உயர்ந்த அதிகாரத்தோடு இயங்குவது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் அதன்கண் ஒரு பிழை வெளிப்பட்டது. ‘பிரிண்ட் நைட்மேர்’ என்று அதற்குப் பெயரிட்டனர். எளிய பயனர் உரிமை மட்டும் உடைய ஒருவன், அச்சுப்பொறி டிரைவர் என்ற போர்வையில் தீய நிரலை உட்புகுத்திக் கணினி முழுவதையும் தன்வயப்படுத்த அது வழிவிட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் ஜூலையில் அவசரத் திருத்தம் வெளியிட்டனர். ஆகஸ்டு 10 முதல், நிர்வாகி உரிமை இல்லாதவர் சர்வரிலிருந்து டிரைவர் நிறுவுதல் கூடாது என்று இயல்பு விதியையே மாற்றினர்.

விளைவு யாதெனின், பல அலுவலகங்களில் ஊழியர்முன் ‘நிர்வாகியின் கடவுச்சொல் தருக’ என்ற கேள்வி தோன்றலாயிற்று. அச்சு நின்றது; கூக்குரல் எழுந்தது. அக்கூக்குரலை அடக்க இரண்டு வழிகள் இருந்தன. டிரைவர்களை முன்கூட்டியே நிர்வாகி கணினிகளில் வைத்துவிடுதல் ஒன்று. இது நேரம் கொள்ளும். மற்றது, ரிஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சுழியாக்கிப் புதிய காவலை நீக்கிப் பழைய வழியைத் திறந்துவிடுதல். இதற்கு ஒரு நிமிடம் போதும். இரண்டாவதைச் செய்துவிட்டு இன்றளவும் அவ்வாறே விட்டிருப்பாரை யாம் குறை கூறாமல் இருத்தற்கில்லை. வாயிற்காவலனிடம் நாடோறும் பெயர் சொல்வது தொல்லையாயிருக்கின்றது என்பதற்காகக் கதவையே கழற்றிவிடுதல் அறிவுடைமை ஆகுமா? பயனர் பெயர்களையெல்லாம் காக்கும் டொமைன் கன்ட்ரோலரையே, வேறு கணினி வாங்கப் பொருளில்லை என்று, பிரிண்ட் சர்வராகவும் வைத்துக்கொள்ளும் சிறு அலுவலகங்களில் இப்பிழை இன்னும் கொடிது. ஆங்கு ஸ்பூலரை நிறுத்திவைத்தல் வேண்டும் என்பதே அறிந்தோர் அறிவுரை.

ஆளுக்கு வழங்குதலே நன்று என்பார் பக்கத்தும் ஒரு நியாயம் உண்டு. அதனை மறையாது கூறுவோம். துறைத்தலைவர் ஒருவர் நாளும் மூன்று அறைகளில் அமர்வார். அவர் செல்லுமிடமெல்லாம் பொறி மாறிக்கொண்டேயிருப்பின் சலிப்படைவார். அத்தகையோர்க்கு, பொறியண்டை நின்று தம் அடையாள எண்ணைத் தட்டிய பின்னரே தாள் வெளிவரும் முறை தக்கது. சற்றே விலையுயர்ந்த பொறிகளில் இவ்வசதி பெரும்பாலும் உண்டு. பலர் அதனைத் திறந்து பார்த்ததுமில்லை. மறைவாய் இருக்கவேண்டிய மனுக்களை அச்சிடும் எழுத்தருக்கும் அது வேண்டும் என்போம்.

அவ்வலுவலகத்தார் யாம் விடைபெறுமுன் முன்கூடத்துப் பொறியை எழுத்தர் அறைக் கணினிகளிலிருந்து நீக்கிவிட்டனர். நடுவண் கணினியில் அதற்கு ஆன வேலை கால் மணி நேரம். அன்றே அம்மனுவை எழுத்தர் அறைப் பொறியில் மீண்டும் அச்சிட்டு, உறையிலிட்டு, அம்மாணவர் தங்கியிருந்த விடுதிக்கு யாமே எடுத்துச் சென்றோம். அவர் இரண்டு நாளைக்கு முன்னரே அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார் என்று விடுதிக் காவலர் கூறினார்.