தட்டும் பரிசு அட்டை நம் கடைகளுக்குத் தேவையா?

மொய்க் கவருக்குப் பதில், கருவியில் தட்டினாலே பணம் கழியும் பரிசு அட்டை. தென்காசி, குற்றாலம் வணிகர்கள் இதில் முதலீடு செய்யலாமா?

ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கிகள் தரும் பரிசு அட்டையின் உச்சவரம்பு 10,000 ரூபாய். மீண்டும் பணம் ஏற்றவோ, ரொக்கமாக எடுக்கவோ முடியாது. ஒரு கடை தன் சரக்குக்கு மட்டும் தரும் அட்டைக்கோ ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை.

குற்றாலத்தில் வியாபாரம் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சாரல் காலத்தில்தான். அருவியில் குளித்துவிட்டு நேந்திரம் சிப்ஸ் வாங்கிப் போகிறவர் அடுத்த சீசனுக்குத்தான் வருவார். அவருக்கு யுபிஐ கியூஆர் போதும். அட்டைக்குச் செலவிடுவது வீண்.

தென்காசி ஜவுளிக் கடைகளின் நிலை வேறு. பெருநாள், கல்யாணம் என ஒரே குடும்பம் திரும்பத் திரும்ப வருகிறது. வளைகுடாவில் இருப்பவர் வீட்டாருக்குப் பரிசளிக்கவும் இது வழியாகும்.

ஆனால் அட்டை விற்ற பணம் லாபமல்ல. பொருள் கொடுக்கும்வரை அது அமானிதம். அதை எடுத்துப் பழைய கடனை அடைத்துவிட்டால், பெருநாள் நெருக்கத்தில் அட்டையோடு வருபவருக்குக் கொடுக்கச் சரக்கு இருக்காது.

எனவே கருவி வாங்குமுன், எண்ணிட்ட தாள் கூப்பனில் ஓராண்டு நடத்திப் பார்ப்போம். கணக்கு நேராக நின்றால் அட்டைக்குப் போவோம்.