நரகம் நிலையானதா?

எங்கள் விக்கிரமங்கலத்துக் கடைத்தெருவில் ஒருநாள் மாலை ஒலிபெருக்கி வைத்து ஒருவர் நற்செய்தி கூறிக்கொண்டிருந்தார். இயேசுவை ஏற்காமல் இறந்தவர்கள் அணையாத நெருப்பில் என்றென்றும் வேகுவார்கள் என்றார். நின்று கேட்டேன். என் அப்பாயி இறந்து அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவர் ஆண்டுதோறும் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவார். ஊருக்குத் திரும்பி மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றுவார். ஞானஸ்நானம் பெற்றவரல்லர். கையெழுத்துப் போடவும் தெரியாத அவர் எந்த வேதத்தைப் படித்து மறுத்தார்?

கோபத்தில் எழுதத் தொடங்கினேன். நூலகத்தில் சில நாள் கழித்த பின் கோபம் கொஞ்சம் தணிந்தது. இக்கேள்வி எனக்கு முன்பே பலரை அழவைத்திருக்கிறது என்று கண்டேன்.

முத்துக்குளித்துறையில் 1542 முதல் சமயப்பணி செய்த பிரான்சிஸ் சவேரியார் 1549-இல் ஜப்பான் சென்றார். 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதமொன்று உண்டு. புதிதாகச் சமயம் தழுவிய ஜப்பானியர், நரகத்திலிருக்கும் தம் பெற்றோரையும் முன்னோரையும் செபத்தால் மீட்க வழியுண்டா என்று கேட்டனராம். இல்லை என்றே அவர் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் அழுதனர். தமக்கும் கண்ணீர் வரும்போலிருந்தது என்று சவேரியாரே எழுதுகிறார். அந்தக் கண்ணீரைத்தான் நான் நம்புகிறேன். அவர் கற்ற கோட்பாட்டைவிட அவர் நெஞ்சம் பெரிதாக இருந்தது.

எல்லாக் கிறித்தவரும் ஒரே குரலில் பேசியதுமில்லை. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஓரிகன், எல்லா உயிரும் இறுதியில் கடவுளிடம் திரும்பும் என்று நம்பினார். அக்கருத்து 6-ஆம் நூற்றாண்டில் கண்டிக்கப்பட்டது. ஆயினும் அதே நம்பிக்கை கொண்ட நிசா நகர் கிரகோரியார் இன்றும் புனிதரே! கத்தோலிக்கர் மோட்சத்துக்கும் நரகத்துக்கும் இடையே உத்தரிக்கிற ஸ்தலம் ஒன்றைச் சொல்வர். அங்கே துன்பத்துக்கு முடிவுண்டு. உயிரோடிருப்பவர் செபமும் அங்குள்ளோர்க்கு உதவும். சீர்திருத்தச் சபைகள் இதை ஏற்பதில்லை. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவரும் மனச்சான்றின்படி வாழ்ந்தால் மீட்படையலாம் என்றது. சவேரியார் அதைக் கேட்க 412 ஆண்டுகள் முன்னதாகப் பிறந்துவிட்டார்.

மறுதரப்பின் வலுவான வாதம் அகுஸ்தீனாருடையது. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் தண்டனைக்கும் வாழ்வுக்கும் ‘நித்திய’ என்ற ஒரே சொல்தான். ஒன்றுக்கு முடிவுண்டென்றால் மற்றதற்கும் முடிவுண்டு என்பார். எளிதில் தள்ளிவிட முடியாத வாதம்தான். ஆனால் அவ்வதிகாரத்தில் நீதிபதி கேட்பதென்ன? பசித்தவனுக்குச் சோறிட்டாயா, தாகமுற்றவனுக்குத் தண்ணீர் தந்தாயா என்றே கேட்கிறார். எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. சோறிட்டவர் கணக்கில் என் அப்பாயி தைரியமாக நிற்கலாம்.

நான் கணிதம் படிப்பவன். முடிவிலிக்கு முன் எந்த எண்ணும் சுழிதான். எழுபதாண்டு வாழ்க்கைக்கு முடிவிலாத் தண்டனை என்றால் அளவு என்ற சொல்லுக்கே பொருளில்லை. அளவற்ற கடவுளுக்கெதிரான பாவம் அளவற்றது என்பார் தாமஸ் அக்வினாஸ். குற்றம் யாருக்கெதிராக என்பதோடு, செய்தவனுக்கு எவ்வளவு தெரியும் என்பதையும் நம் நீதிமன்றங்களே பார்க்கின்றனவே!

அப்படியானால் நரகமே வேண்டாமா? அதற்கும் நான் உடன்படேன். 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் இரவு, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. தீ வைத்தவர்களுக்கு எங்கும் தண்டனை இல்லையென்றால் இவ்வுலகம் கூலிக்காரனை ஏமாற்றிய உலகமாகிவிடும். தண்டனை வேண்டும், அவர்கள் செய்தது அவர்களுக்கே உறைக்கும்வரை வேண்டும். உறைத்த பின்னும் நெருப்பு எரியவேண்டுமா என்றால் என் பேனா தயங்குகிறது. வெண்மணியில் ஒருவரை இழந்தவன் தயங்கமாட்டான் என்பதும் தெரியும். அவனோடு வாதாட எனக்கு உரிமையில்லை.

ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டவர் வீரமாமுனிவர். அக்கோவிலுக்கு நிலம் கொடுத்தவர் அரியலூர் மழவராயர் என்று அங்கே சொல்வர். அவர் சமயம் மாறியதாக நான் கேட்டதில்லை. அவரும் வேகுகிறாரா? என் வகுப்புத் தோழன், கத்தோலிக்கன், இதற்கு ஒன்றுதான் சொன்னான்: எத்தனையோ பேரைப் புனிதர் என அறிவித்த அவன் திருச்சபை, ஒருவரையும் பெயர் சொல்லி நரகத்தில் இருப்பவர் என்று அறிவித்ததில்லையாம்.

சென்ற நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று அவனோடு போயிருந்தேன். தன் தாத்தா கல்லறையில் மெழுகுவத்திகளை ஏற்றினான். கையில் ஒன்று மீந்திருந்தது.

“உங்க அப்பாயி பேரென்னடா?” என்றான்.

சொன்னேன்.