கூப்பிட்டால் திரும்புமா சிப்பிப்பாறை?

கேள்வி: அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கிறது. ஒரு வயது சிப்பிப்பாறை நாய், மேய வரும் ஆடுகளை விரட்டுகிறது. இப்போது பழக்கினால் திருந்துமா?
- வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: திருந்தும். சிப்பிப்பாறை, முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட இனம். ஓடுவதைக் கண்டால் துரத்துவது அதன் பிறவிக் குணம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். ஆகவே, கூப்பிட்டதும் திரும்பி வரத்தான் பழக்க வேண்டும்.

பயிர் இல்லாத கோடை இதற்கு ஏற்ற காலம். வெயில் ஏறும் முன், அதிகாலையில் 10 நிமிடம் போதும். 30 அடி கயிற்றை மார்புப்பட்டையில் கட்டுங்கள். கழுத்தில் கட்டினால், பாய்ந்து ஓடும்போது கழுத்தில் அடிபடும். பெயர் சொல்லி ஒரு முறை மட்டும் கூப்பிடுங்கள். வராவிட்டால் கயிற்றை மெல்லச் சுருட்டி வரவழையுங்கள். வந்ததும் அவித்த முட்டைத் துண்டு கொடுங்கள். தாமதமாக வந்தாலும் அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் மறுமுறை வராது.

ஆடுகள் தொலைவில் மேயும்போது தொடங்கி, நாளடைவில் தூரத்தைக் குறைக்கலாம். ஆட்டைப் பார்த்த பிறகும் திரும்பி வரும்வரை கயிற்றை அவிழ்க்கக் கூடாது. ஒரு குட்டி கடிபட்டால் நஷ்டஈட்டோடு முடியாது; பக்கத்துத் தோட்டத்து உறவும் முறியும்.

கடுமையாக மூச்சிரைத்துத் தள்ளாடினால் அது வெயில் தாக்கம். நிழலில் கிடத்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.