விமானத்து எமர்ஜென்சி ஸ்லைடும் பீரோவுல தூங்குற பட்டுப்புடவையும்

மக்களே, விமானத்துல ஏறினதும் பணிப்பெண் கையை ஆட்டி ஆட்டி வழி காட்டுறப்ப நம்மள்ல எத்தனை பேரு பார்க்குறோம்? கதவோட அடிப்பாகத்துல பொட்டி மாதிரி ஒண்ணு புடைச்சுக்கிட்டு இருக்குமே, கவனிச்சிருக்கீங்களா? பெரும்பாலான விமானங்கள்ல எமர்ஜென்சி ஸ்லைடு அதுக்குள்ளதான் மடிச்சு வச்சிருக்கும். ஆபத்துன்னா கதவைத் திறந்ததும் சிலிண்டர்ல இருக்குற வாயு பாய்ஞ்சு, கூடவே வெளிக்காத்தையும் இழுத்துக்கிட்டு, சில நொடியில சறுக்குமரமா விரியணும்.

பாதிக் கதவுகளை மட்டும் வச்சு 90 நொடிக்குள்ள எல்லாரும் வெளியேற முடியும்னு நிரூபிச்சாத்தான் புது மாடல் விமானத்துக்கு அனுமதி. 2006-ல ஏர்பஸ் ஏ380 சோதனையில 873 பேர் 78 நொடியில இறங்கிட்டாங்க. சபாஷ்!

நிற்க. அதெல்லாம் புது விமானத்துல நடந்த சோதனை. பல வருஷம் பறந்த விமானத்துல இருக்குற ஸ்லைடு?

நைலான் துணி, அதுக்கு மேல பாலியூரித்தேன் மாதிரி ஒரு பூச்சு. அதை இறுக்கி மடிச்சு வருஷக்கணக்கா வச்சிருக்காங்க. வெயில்ல நிக்கிற விமானத்தோட சூடு, சென்னை, மும்பை மாதிரி கடலோர ஊரோட ஈரப்பதம், ரெண்டும் சேர்ந்தா பூச்சு உரியும், ஒட்டின இடம் விடும். ஒரு தடவைகூட உபயோகிக்கலைன்னாலும் அதுக்கு வயசாகும்.

இதை காஞ்சிபுரத்துக்காரங்களுக்குத் தனியாச் சொல்லணுமா என்ன? கல்யாணத்துக்கு எடுத்த பட்டை 'பத்திரமா' ஒரே மடிப்புல வச்சா, மடிப்புலயே இத்துப் போகும், ஜரிகை விட்டுப் போகும். "கட்டலைன்னாலும் பிரிச்சு, காத்தாட விட்டு, மாத்தி மடி"ன்னு எங்க பாட்டி அம்மாகிட்ட சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நம்ம ஃபீல்டு ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காத பேக்கப் பேக்கப்பே இல்லை.

2009 செப்டம்பர்ல மும்பையில ரியாத் கிளம்பின ஏர் இந்தியா 747-ல எஞ்சின் தீப்பிடிச்சது. உள்ள இருந்த 200-க்கும் மேற்பட்டவங்க ஸ்லைடு வழியா இறங்கித் தப்பிச்சாங்க. 2024 ஜனவரி 2-ம் தேதி டோக்கியோ ஹனேடாவுல ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் எரிஞ்சப்ப 8 வழியில 3 மட்டும்தான் உபயோகிக்க முடிஞ்சது. 379 பேரும் பிழைச்சாங்க. அந்த மூணுல ஒண்ணு விரியாமப் போயிருந்தா? விளையாட்டில்லைங்க. 2013-ல சான்ஃபிரான்சிஸ்கோவுல ஏசியானா விமானம் மோதினப்ப ரெண்டு ஸ்லைடு கேபினுக்கு உள்பக்கமா விரிஞ்சு பணிப்பெண்களை அமுக்கிடுச்சு. 2024 ஏப்ரல்ல நியூயார்க்ல கிளம்பின டெல்டா 767-லேர்ந்து ஸ்லைடு தனியாக் கழண்டே விழுந்துச்சு. அந்த விமானத்துக்கு வயசு முப்பதுக்கு மேல.

பராமரிப்பே இல்லைன்னு நான் சொல்லலை. சில வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்லைடைக் கழட்டி, காத்தடிச்சு, கசிவு பார்த்து, திரும்ப மடிக்கிறாங்க. ஆனா ஒர்க்‌ஷாப் தரையில விரிக்கிறது வேற, விமானக் கதவைத் திறந்து நிஜமா விரிக்கிறது வேற. கதவு, சிலிண்டர், துணி மூணும் சேர்ந்து வேலை செய்யுதான்னு ரெண்டாவதுலதான் தெரியும்.

என் கோரிக்கை சிம்பிள். எந்த ஏர்லைன் எத்தனை சதவீதம் நேரத்துக்குக் கிளம்புச்சுன்னு டிஜிசிஏ மாசாமாசம் வெளியிடுது. அதோட கூட இன்னும் மூணு எண் போடட்டும்: எத்தனை ஸ்லைடு விரிச்சுப் பார்த்தாங்க, எத்தனை விரியலை, விரியாததுக்கு வயசு என்ன. "ஜனங்க பயந்துடுவாங்க"ன்னு சொல்லுவாங்க. பயப்படட்டுமே! அரை மணி நேரம் லேட்டானா கொந்தளிக்கிற நாம, இதையும் கேட்டாத்தான் அவங்களுக்கு அக்கறை வரும். அத்தி வரதர் 40 வருஷத்துக்கு ஒருமுறை வெளிய வந்தாப் போதும். ஸ்லைடு விஷயம் அப்படி இல்லை :-)

டிஸ்கி: ஸ்லைடு சரியா விரிஞ்சாலும், மேல இருக்குற பையை எடுத்துக்கிட்டுத்தான் இறங்குவேன்னு நின்னா 90 நொடி பத்தாது சாமி. லேப்டாப் இன்னொண்ணு வாங்கிக்கலாம்.